உம்மும்மாவின் உள்ளங்கை

அஸர் தொழுது முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றுவது எங்கள் வீட்டில் என் வேலை. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் பால் தேத்தண்ணி. உம்மும்மாவுக்குச் சீனி போடாத பிளேன்டி. சீனி போடாத என்பது உம்மாவின் கணக்கு. கோப்பையை விறாந்தையில் கொண்டுபோய் வைத்ததும் உம்மும்மா குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு வலக்கையை நீட்டுவார். நான் என் கைக்குள் பொத்திக்கொண்டு வந்த சீனியை அந்த உள்ளங்கைக் குழியில் கொட்டுவேன். ஒரு மிடறு தேத்தண்ணி, நாக்கு நுனியால் தொட்டு ஒரு துளி சீனி. கோப்பை முடியும்போது கையும் வெறுமையாகியிருக்கும்.

"கோப்பைக்க போட்டாத்தானே புள்ள அது சீனி. கையில வெச்சித் தொட்டுக்கிட்டா என்னத்தச் செய்யப்போகுது?" என்பார். கொஞ்சம் கழித்து, "உம்மாக்கிட்டச் செல்லிராத" என்பார்.

நான் சொல்லவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடத்தில் தொடங்கி, சாதாரண தரம் எழுதி முடிக்கும் வரை ஆறு வருடம் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் 'வேணாம்' என்று பறிக்கும் ஒன்றைக் கொடுக்கிற ஒரே ஆள் நான் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பெருநாளைக்கு வரும் மாமாவின் பிள்ளைகள், உம்மும்மாவுக்கு யாரில் விருப்பம் கூட என்று சண்டை போடும்போது நான் பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊரில் யாரும் நீரிழிவு என்று சொல்வதில்லை. அது கிளினிக் சுவரில் இருக்கும் சொல். நாங்கள் சொல்வது சீனி வருத்தம். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு சொல்லும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்று விளங்கியது. குருதியில் உள்ள குளுக்கோசு முழுவதையும் சிறுநீரகம் வடித்து, திரும்பவும் குருதிக்கே அனுப்பிவிடும். ஆனால் 100 மில்லிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் அதனால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. மிச்சச் சீனி சிறுநீரோடு போகும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உம்மும்மா இரவில் நாலைந்து தடவை எழும்பியதும், தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்ததும் அதனால்தான். நாங்கள் எல்லோரும் 'வயசு போனா அப்படித்தான்' என்றோம். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது.

இந்த 'வயசு போனா' என்ற பேச்சு எங்கள் வீட்டில் நிறையப் பேசப்பட்டது. கண் மங்கியபோது வயசு. முழங்கால் மடங்காதபோது வயசு. பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபத்திரண்டு, அவர் ஊசியில் நூல் கோத்துத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். உம்மும்மாவை அவரின் ராத்தா என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நினைத்துவிட்டதை உம்மும்மாவே சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஏன் ஒருவருக்கு வயது ஓடுகிறது, இன்னொருவருக்கு நடக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி. சுகமாக இருப்பவருக்கு 100 மில்லிலீற்றருக்கு 90 மில்லிகிராம் என்று வைத்தால், முழுக் குருதியிலும் இருக்கும் குளுக்கோசு நாலரைக் கிராம். ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். 300க்கு ஏறினால் 15 கிராம், மூன்று தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டிக்கும் மூன்று தேக்கரண்டிக்கும் இடையில்தான் கண்ணும் காலும் சிறுநீரகமும் இருக்கின்றன என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. கணக்கைத் திரும்பவும் போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

தசைக் கலத்துக்குள்ளும் கொழுப்புக் கலத்துக்குள்ளும் குளுக்கோசு போக இன்சுலின் என்ற திறப்பு வேண்டும். சதையி அதைப் போதுமான அளவு செய்யாவிட்டாலும், செய்த திறப்பு பூட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் சீனி குருதியிலேயே நின்றுவிடும். இதுவரைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் தடுமாறிய இடம் இதற்குப் பிறகுதான். விழித்திரையின் சிறு குழாய்கள், நரம்புகள், சிறுநீரகத்தின் வடிகட்டும் இடம், இவற்றின் கதவுக்குப் பூட்டே இல்லை. வெளியில் சீனி ஏறினால் உள்ளேயும் ஏறும். தசை பட்டினி கிடக்கும் அதே நேரத்தில் கண்ணும் நரம்பும் சீனியில் ஊறிக்கொண்டிருக்கும். உம்மும்மா மெலிந்துகொண்டே போனதும் கண் மங்கிக்கொண்டே போனதும் ஒரே காரணத்தால்.

அப்படி ஊறும்போது என்ன நடக்கிறது என்பதை உயிரியல் டீச்சர் ஒரு றாத்தல் பாணைக் காட்டித்தான் விளக்கினார். (அன்று இடைவேளைக்கு அந்தப் பாணைப் பகிர்ந்து தின்றோம் என்பதையும் சொல்ல வேண்டும்.) பாணின் மேல்தோல் ஏன் பழுப்பு? சீனியும் புரதமும் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமில் மேயார் 1912இல் இந்தத் தாக்கத்தைப் பற்றி எழுதினார். போறணையின் சூட்டில் அது நிமிடக் கணக்கில் நடக்கும். நம் உடம்பின் 37 பாகை செல்சியசில் வருடக் கணக்கில் நடக்கும். நொதியம் எதுவும் தேவையில்லை. சீனி தானாகப் போய்ப் புரதத்தில் ஒட்டும். முதலில் ஒட்டியது கழன்று வரலாம். நாள் போகப் போக அது உருமாறி, இனிக் கழற்ற முடியாத பொருளாகி, பக்கத்துப் பக்கத்துப் புரத இழைகளைக் குறுக்காகப் பிணைத்துவிடும். தோலுக்கும் மூட்டுக்கும் குருதிக் குழாய்ச் சுவருக்கும் உறுதியைக் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். அதன் இழைகள் இப்படிப் பிணைந்தால் விறைத்துப் போகும். கண்வில்லையில் உள்ள புரதங்களில் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோதே உண்டானவையும் இருக்கின்றன. அவை மாற்றப்படுவதே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒட்டிய எல்லாம் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும்.

இது சீனி வருத்தக்காரருக்கு மட்டும் நடப்பதில்லை. எனக்கும் நடக்கிறது, இதை வாசிக்கும் உங்களுக்கும் நடக்கிறது. முதுமை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். குருதியில் சீனி கூடக்கூட அது வேகமாக நடக்கிறது, அதுதான் வித்தியாசம். அன்று வகுப்பில் எல்லோரும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. என் மனதில் உம்மும்மாவின் கை இருந்தது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுஜூதில் உள்ளங்கை இரண்டும் நிலத்தில் படிய வேண்டும் என்று எனக்கு ஏழு வயதில் சொல்லித் தந்தவர் உம்மும்மா. என் விரல்களைத் தானே பிடித்து முஸல்லாவில் அழுத்தி வைப்பார். சில வருடங்களின் பின் அவர் பக்கத்தில் தொழும்போது ஒன்றைக் கவனித்தேன். அவரின் கைகள் படியவில்லை. விரல் நுனியும் மணிக்கட்டுப் பக்கமும் நிலத்தில் இருக்க, நடுவில் ஒரு கூடு மாதிரி இடைவெளி. அதற்குள் ஒரு கோழிக்குஞ்சை வைக்கலாம். வயதாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று நினைத்தேன். சீனி கொட்டுவதற்கு அந்தக் குழி வசதியாக இருந்தது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

கிளினிக்குக்குப் போகும் நாட்களில் உம்மும்மா ஒரு தந்திரம் வைத்திருந்தார். இது எங்கள் ஊரில் அவர் மட்டும் செய்வதல்ல. முந்திய மூன்று நாளும் சீனியைத் தொட மாட்டார், சோற்றைக் குறைப்பார், மறந்து கிடந்த குளிசையெல்லாம் நேரத்துக்கு விழுங்குவார். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் 148 என்று வரும். கிளினிக் கொப்பியில் அதை எழுதி, பரவாயில்லை, கொஞ்சம் குறையுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வரும் வழியில் ஒரு துண்டு தொதல்.

இந்தத் தந்திரத்தைப் பிடிக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. 1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர், நீரிழிவுக்காரரின் ஈமோகுளோபினில் வழமைக்கு மாறான ஒன்று இருப்பதைக் கண்டு எழுதினார். அது சீனி ஒட்டிய ஈமோகுளோபின். பாணின் தோலில் நடக்கும் அதே வேலை. செங்குருதிக்கலம் ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்த நாட்களில் அது எவ்வளவு சீனிக்குள் நீந்தியதோ அவ்வளவும் அதில் ஒட்டியிருக்கும். மூன்று நாள் நோன்பிருந்தால் அது மறையாது. 5.7 வீதத்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம், 6.5க்கு மேலே போனால் நீரிழிவு. ஒரு புது டொக்டர் இந்தப் பரிசோதனையை வெளியில் செய்துகொண்டு வரச் சொன்னார். உம்மும்மாவுக்கு 10.8 வந்தது. அதாவது அந்த மூன்று மாதமும் சராசரியாக 260க்கு மேல்.

உம்மா அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "நாங்க சீனியக் கண்ணுலயும் காட்டுறல்லயே, எப்பிடி உம்மா?" என்று கேட்டார். உம்மும்மா என்னைப் பார்க்கவில்லை. நான் கொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அது நடந்து நாலு மாதத்தில் ரமழான் வந்தது. நோன்பு பிடிக்க வேண்டாம், ஃபித்யா கொடுங்கள் என்று டொக்டரும் சொன்னார், பள்ளி இமாமும் சொன்னார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. உம்மும்மா கேட்கவில்லை. பத்தாவது நோன்பன்று மாலை கஞ்சி வாங்கிக்கொண்டு வந்த தம்பி, "உம்மும்மாட காலடி செவப்பா இரிக்கி" என்றான். சீமெந்துத் தரையில் கிணற்றடியிலிருந்து விறாந்தை வரை ஒரே அளவில் சிவப்புப் பொட்டுகள்.

செருப்பைக் கழற்றினோம். முதல்நாள் வேலி திருத்தியபோது விழுந்த ஒரு சின்ன ஆணி ரப்பர் செருப்பை ஊடுருவிக் காலுக்குள் போயிருந்தது. காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறார். நோகவில்லையா என்று கேட்டதற்கு, "எங்க?" என்று காலைத் தேடினார். அதற்கு முன்பும் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறார். மற்றது வழியில் கழன்று விழுந்தது தெரியாமலே. அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

எனக்கு இன்றும் தாங்க முடியாத விசயம் வேறு. உம்மும்மா நாளைக்கு ஐந்து தடவை வுழூச் செய்வார். அன்று லுஹருக்கும் அஸருக்கும் அந்தக் காலைத் தன் கையாலேயே கழுவியிருக்கிறார். நரம்பு செத்துப்போன கால் சொல்லவில்லை. விழித்திரை பழுதான கண் காணவில்லை. விறைத்த விரல்களும் தடவிப் பார்த்துச் சொல்லவில்லை. மூன்று காவல்காரரும் ஒரே நேரத்தில் தூங்கிவிட்டார்கள்.

குருதிக் குழாய்கள் ஒடுங்கியிருந்ததால் புண் ஆறவில்லை. சீனி கூடிய குருதியில் வெண்குருதிக்கலங்களும் சரியாக வேலை செய்வதில்லை. பெருநாளைக்கு இரண்டு நாள் முன்பு வலக்காலின் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். அந்தப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் வட்டிலப்பம் அவிக்கவில்லை. யாரும் சொல்லாமலே.

வார்டில் ஒரு சிங்கள டொக்டர் இருந்தார், தமிழ் கொஞ்சம் பேசுவார். ஆயுபோவன் சொல்வதுபோல் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பிக் காட்டி, "அம்மா, இப்படி வைங்க" என்றார். உம்மும்மா திடுக்கிட்டு, "நாங்க அப்பிடிக் கும்பிடுறல்ல மகன்" என்றார். டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். உள்ளங்கைகள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. ஒட்டவில்லை. விரல்களுக்கு நடுவே அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. மேசையில் கையைப் படிய வைத்துப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்கலாம் என்றார். சுஜூதில் நான் கண்ட கூடு வெறும் வயதல்ல. அது நான் பக்கத்தில் தொழுதுகொண்டே தினமும் பார்த்த ஒரு நோய்க்குறி.

அன்றிரவு உம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் துணைக்கு நின்றேன். ஒரு நாளைக்கு 5 கிராம், ஆறு வருடம். மனக்கணக்குப் போட்டேன், பத்துக் கிலோவுக்கு மேல் வந்தது. அழுகை வந்தது. "நான்தான் உம்மும்மா" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நீ மட்டுமா?"

தம்பி டொபி கொடுப்பானாம். பக்கத்து வீட்டு மாமி மஸ்கட் கிண்டும் நாளெல்லாம் வேலிக்கு மேலால் ஒரு துண்டு வருமாம். மாமா வரும்போதெல்லாம் வெத்திலைப் பெட்டிக்குள் ஒரு கருப்பட்டி வைத்துவிட்டுப் போவாராம். எல்லோரிடமும் 'உம்மாக்கிட்டச் செல்லிராத' என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒவ்வொருவரும் நாம்தான் அந்த ஒரே ஆள் என்று நினைத்திருந்தோம். எனக்கு ஒரு பக்கம் பாரம் இறங்கியது. இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

சீனி மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. சமித்து முடிந்தால் அதில் பெரும்பகுதி குளுக்கோசுதான். உள்ளங்கைச் சீனியின் ஒன்பது மடங்கு. பகலில் மூன்று கோப்பைச் சோறு சாப்பிடுபவரைச் சீனி தின்னவில்லையே என்று நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தோம். "சோத்துக்கையும் சீனியா?" என்று உம்மும்மா டொக்டரிடம் சண்டைக்கே போனார்.

ஆனாலும் அந்த ஆறு வருடம் என்னை விடவில்லை. 1993இல் வெளியான ஓர் அமெரிக்க, கனேடிய ஆய்வைப் பற்றிப் படித்தேன். முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை வருடம் கவனித்தார்கள். சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெட்டது மிகவும் குறைவு. அது எதிர்பார்த்ததுதான். ஆய்வு முடிந்த பிறகு இரண்டு பக்கத்தாரின் சீனி அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. அப்படியிருந்தும் முன்பு கட்டுப்பாட்டோடு இருந்தவர்களே பல வருடங்களுக்குப் பிறகும் நன்றாக இருந்தார்கள். உம்மும்மாவுக்கு இருக்கும் இரண்டாம் வகையைப் பற்றிப் பிரித்தானியாவில் நடந்த நீண்ட ஆய்வின் தொடர்ச்சியும் 2008இல் இதுபோன்ற ஒன்றைச் சொன்னது. உடம்பு பழைய வருடங்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இதை நான் வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

உம்மும்மா இப்போது இன்சுலின் போடுகிறார். போனமுறை 7.6. இந்த வருடம் நோன்பு பிடிக்கவில்லை. ஃபித்யாவுக்கு அரிசி அளந்து கொடுக்கும்போது அழுதார். முதல் நாள் ஸஹருக்கு எல்லோருக்கும் முன்பே எழும்பி, சாப்பிடாமல் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

மஃரிபுக்கு அவர் வுழூச் செய்யும்போது நான் ஒரு பழைய துவாயோடும் வாப்பாவின் டோர்ச்சோடும் பக்கத்தில் குந்துவேன். உள்ளங்கால், குதி, விரல்களின் இடுக்கு. ஈரம் நின்றால் அங்கே புண் வரும் என்பதால் இடுக்குகளைத் தனித்தனியாக ஒற்றி எடுக்க வேண்டும். வலக்காலில் மூன்று விரல்தான் என்பதால் அது சீக்கிரம் முடியும். "அல்லாஹ் ஒனக்கு வேலயக் கொறச்சிட்டான்" என்பார் உம்மும்மா.

இந்த மலர் அச்சாகி வந்தால் உம்மா வாசிப்பார். அவர் ஒவ்வொரு வருடமும் முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை வாசிப்பவர். நேரில் சொல்ல எத்தனையோ தடவை குசினி வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இப்படித்தான் சொல்ல முடிந்தது.

அஸருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது இப்போதும் நான்தான். கோப்பையை வைத்ததும் உம்மும்மா கையை நீட்டுவார், பழக்கத்தில். நான் அந்தக் கையை மடியில் வைத்து, டொக்டர் காட்டித் தந்தது போல, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல நிமிர்த்துவேன். பத்து எண்ணும் வரை பிடித்து, விடுவேன். சுண்டுவிரல் இன்னும் முழுதாக நிமிர்வதில்லை.

"தேத்தண்ணி ஆறுது புள்ள" என்பார்.